வாசற்படி ஏறாத பொட்டலம்

துரை தம் வாழ்நாளில் மனப்பூர்வமாகச் செய்த சத்தியம் ஒன்றே ஒன்றுதான். அதை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றவும் செய்தார். அப்பட்டமாக மீறியிருந்தால் வீட்டில் ஒரு சண்டையோடு போயிருக்கும். காப்பாற்றியதால்தான் எல்லாம் கெட்டது.

தாம்பரத்தில் மின்சார ரயிலேறி நகரத்துக்குப் போய்வருகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். சுகாதாரம் சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகத்தில் டெஸ்பாட்ச் கிளார்க். குழந்தைகள் எதைச் சாப்பிட வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது என்று அந்த அலுவலகம் கலர் கலராகச் சுவரொட்டி அச்சடித்து ஊர் ஊராக அனுப்பும். ஐம்பது ஐம்பதாகச் சுருட்டி, சணல் கட்டி, பசை தடவி, விலாசம் ஒட்டுவது துரையின் வேலை. எந்த மூலையில் எந்தத் தாய் அதைப் படித்துப் பிள்ளைக்குக் கீரை மசித்துக் கொடுத்திருந்தாலும், அந்தக் கீரையில் துரையின் பசை கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

மற்ற பிரிவுக்காரர்கள் மணி ஐந்தே முக்காலுக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். டெஸ்பாட்ச் கிளார்க் கிளம்ப முடியாது. அதிகாரி கடைசியாகப் போடுகிற கையெழுத்துக்குக் காத்திருந்து, அதையும் உறையில் போட்டு, தபால் பையை அஞ்சலகத்தில் சேர்த்துவிட்டுத்தான் ரயில். தாம்பரத்தில் இறங்கி, சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை எடுத்து, இரும்புலியூர் போய்ச் சேர எட்டு மணி ஆகிவிடும். காலையில் ஏழரைக்கே கிளம்பியாக வேண்டும்.

இரும்புலியூரில் அவர் குடியிருந்தது பொன்னியம்மாள் வீட்டு லைனில். பொன்னியம்மாளின் மாமனார் காலத்தில் அது நெல் வயல். இப்போது அதில் நான்கு போர்ஷன்கள் வரிசையாக விளைந்து நின்றன. மூன்றாவதில் துரையும் மனைவி அமலராணியும். எண்பத்திரண்டில் பியூலா பிறந்தாள்.

பிறந்த குழந்தைக்கு அப்பாவைத் தெரியவில்லை. அது எழுந்திருக்கும்போது அவர் ரயிலில் இருப்பார்; அவர் வரும்போது அது தூங்கிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஒரு மீசைக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வீறிட்டு அழும். பால்காரரிடம் போகும், பொன்னியம்மாளிடம் போகும். துரை கையை நீட்டினால் அமலராணியின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்.

"இன்னா தொர, ஒன் கொயந்த ஒன்னயப் பாத்து போலீஸ்காரனப் பாத்தாப்ல அயுவுது?" என்பாள் பொன்னியம்மாள். "அந்த மீசையாவது எடேன்பா."

துரை மீசையை எடுத்தார். குழந்தை இப்போது இன்னொரு புதிய ஆளைப் பார்த்து அழுதது.

ஒன்றரை வயதில் ஒரு நாள் திருப்பம் வந்தது. அலுவலகத்தில் ஓர் அதிகாரிக்குப் பிரிவுபசாரம். குழந்தைகள் உணவு பற்றி வருஷக்கணக்கில் குறிப்பெழுதிய அந்த அதிகாரிக்கு லட்டு, மிக்சர், கிரீம் பிஸ்கட் வைத்து விடை கொடுத்தார்கள். துரை தம் பங்கு பிஸ்கட்டைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று பியூலாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல், தூங்காமல் சிணுங்கிக்கொண்டிருந்தாள். துரை பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். அவள் அழுகையை நிறுத்தினாள். பிஸ்கட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி பிஸ்கட்டைப் பார்த்தாள். பிறகு தத்தித் தத்தி வந்து அவர் மடியில் விழுந்தாள்.

ரோஸ் கிரீம் ஒழுகும் வாயோடு குழந்தை தம் நெஞ்சில் சாய்ந்திருக்க, துரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். தலை உச்சியில் தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை. சொந்தக் குழந்தையின் வாசனை அவருக்கு அன்றுதான் தெரியவந்தது.

மறுநாள் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டியிருந்த சிட்டிபாபுவின் பேக்கரி முன்னால் அவர் நின்றார்.

அதிலிருந்து அது வழக்கமாயிற்று. வேலைக்குப் போகிற அப்பா வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம். ரயில் வந்து நின்றதும் பத்து அப்பாக்கள் அந்தக் கண்ணாடிப் பெட்டியை மொய்ப்பார்கள். தேங்காய் பன், ஜாம் பன், பஃப்ஸ், மிக்சர், விரலில் மாட்டிக்கொண்டு தின்கிற மஞ்சள் குழாய் அப்பளம். மற்ற அப்பாக்கள் சம்பள வாரத்தில் வாங்குவார்கள். துரை தினமும் வாங்கினார். இவர் தலை தெரிந்ததுமே சிட்டிபாபு காகிதத்தைக் கிழித்துவிடுவான்.

"சார், பாப்பா இன்னிக்கு கிரீமா, பன்னா?"

"நேத்து என்ன?"

"நேத்து பன்னு. இன்னிக்கும் பன்னு குட்தா கோச்சுக்கும் சார். கிரீமு எட்துனு போ."

அவள் நேற்று என்ன தின்றாள் என்பது அப்பாவை விட பேக்கரிக்காரனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

லைனுக்குள் நுழையும்போது துரை சைக்கிள் மணியை மூன்று தரம் அடிப்பார். பியூலா எதையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருவாள். போட்டது பெரும்பாலும் பருப்புச் சோற்றுக் கிண்ணமாக இருக்கும். அமலராணி ஏழு மணியிலிருந்து அந்தக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டி, காக்காவைக் காட்டி, பொன்னியம்மாளின் எருமையைக் காட்டி இரண்டு வாய் ஊட்டியிருப்பாள். மூன்றாவது வாய்க்கு மணி அடித்துவிடும்.

"சோத்தத் துன்னுட்டு வாடி!"

"அப்பா!"

அந்தக் கூப்பாட்டுக்கு முன்னால் எந்தச் சோறும் நிற்காது. ரயிலில் நசுங்கிய துரையின் உடம்பு அந்த ஒரு சொல்லில் நிமிர்ந்துகொள்ளும்.

இதற்கிடையில் ஒரு நாள் அவர் அலுவலகத்திலிருந்து ஒரு சுவரொட்டியையும் கொண்டுவந்தார். அச்சில் நிறம் நகர்ந்து, காரட்டின் ஆரஞ்சு படத்திலிருந்த பையனின் காதில் ஏறியிருந்ததால் கழித்துப் போட்ட பிரதி. சமையலறைச் சுவரில் மழை ஒழுகிய கறை ஒன்று இருந்தது. அதன் மேல் ஒட்டினார். 'கீரையும் பயறும் பழமும் சேர்ந்தால் பிள்ளையின் கன்னம் மலரும்' என்று அதில் எழுதியிருந்தது. அதன் கீழே உட்கார்ந்துதான் பியூலா கிரீமை நக்கிவிட்டு பிஸ்கட்டைத் தனியாக வைப்பாள்.

கன்னம் மலரத்தான் செய்தது. கோவிலுக்குப் போனால், கல்யாணத்துக்குப் போனால், எல்லாரும் அந்தக் கன்னத்தைக் கிள்ளி, "என்ன போட்டு வளக்குற அமலா, அமுல் டின்னு மாதிரி இருக்கா!" என்றார்கள். அமலராணிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிள்ளை சோறு தின்பதில்லை என்கிற கவலையும், பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது என்கிற பெருமையும் ஒரே அடுப்பில் இரண்டு பாத்திரம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் கொதித்தன.

ஐந்து வயதில் முன்பற்கள் கறுத்தன. பல் வலிக்காகப் போன இடத்தில் அங்கிருந்த லேடி டாக்டர் குழந்தையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தை அமுக்கிப் பார்த்தார்.

"பாக்க குண்டா இருக்கா. உள்ள ரத்தமே இல்லம்மா."

அமலராணிக்குப் புரியவில்லை. குண்டாக இருக்கிற பிள்ளைக்கு ரத்தம் எப்படிக் குறையும்?

"வயிறு நிறையுது, உடம்புக்கு ஒண்ணும் போகல. கீரை, பருப்பு, முட்டை குடுங்க. டானிக் எழுதறேன். ஆனா முதல்ல ராத்திரி அந்த பேக்கரி அயிட்டத்த நிறுத்துங்க. பசி இருந்தாத்தான் சோறு இறங்கும்." டாக்டர் துரையைப் பார்த்தார். "சார் எங்க வேல செய்யறீங்க?"

துரை சொன்னார். டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவரை இன்னொரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

அன்று மாலை அமலராணி அவரை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"சொல்லுங்க."

"என்னான்னு சொல்ல?"

"இனிமே பொட்டலத்தோட இந்த வாசப்படி ஏற மாட்டேன்னு சொல்லுங்க."

"இனிமே பொட்டலத்தோட இந்த வாசப்படி ஏற மாட்டேன்," என்றார் துரை. உண்மையாகத்தான் சொன்னார்.

மறுநாள் சிட்டிபாபுவின் கடையை அவர் தலையைத் திருப்பிக்கொண்டு கடந்தார். "சார், பாப்பா லீவா?" என்று பின்னால் குரல் வந்தது. லைனில் மூன்று தரம் மணி அடித்தார். பியூலா ஓடி வந்தாள். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தாள். பேண்ட் பையில் கையை விட்டாள். கைப்பையைத் திறந்தாள். டிபன் பாக்ஸையும் திறந்து மோந்து பார்த்தாள்.

"எங்க?"

"டாக்டர் வேணான்னு சொன்னாங்கல்ல கண்ணு?"

"அப்ப நீ எதுக்கு வந்த?"

துரை சிரித்தார். பொன்னியம்மாளும் சிரித்தாள். குழந்தை சிரிக்கவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் வராததால் உள்ளே போய்விட்டது.

மூன்று நாள் அந்தச் சோதனை நடந்தது. நான்காம் நாள் அவள் ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். எட்டாம் நாள் அதுவும் இல்லை. மணிச் சத்தம் கேட்டு, "யாருடி அது?" என்று அமலராணி சமையலறையிலிருந்து கேட்டதும், "அப்பாதாம்மா. சும்மா வந்துருக்கு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. துரை சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வெகுநேரம் அதன் பூட்டோடு மல்லாடினார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொட்டலம் வராமல் போன பதினோரு நாளும் பியூலா சோறு தின்றாள். முதல் இரண்டு நாள் அழுதுகொண்டு, பிறகு அழாமல். ஒன்பதாம் நாள் முருங்கைக்கீரையைப் பருப்போடு பிசைந்து கொடுத்ததை முழுக்கத் தின்றுவிட்டு மறுசோறு கேட்டாள். அமலராணி அந்தக் காலிக் கிண்ணத்தை அவரிடம் கொண்டுவந்து காட்டினாள். துரையும் பார்த்தார். சந்தோஷமாக இருக்கிறது என்று சொன்னார். தின்றுமுடித்த பிள்ளை அவரைத் தாண்டிப் போய் அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் மாலை, குரோம்பேட்டைக்கும் சானடோரியத்துக்கும் நடுவில் ரயில் நின்றுபோயிருந்தபோது, துரை தம் சத்தியத்தை மனதுக்குள் எடுத்து விரித்தார். பதினைந்து வருஷமாக அரசாணைகளை உறையில் போட்டு அனுப்புகிறவர். எந்த ஆணையிலும் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன எழுதவில்லை என்பதுதான் முக்கியம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். 'பொட்டலத்தோடு இந்த வாசற்படி ஏற மாட்டேன்.' வாசற்படி. இந்த வாசற்படி. தெருமுனையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

இறங்கி நேரே பேக்கரிக்குப் போனார். "பாப்பா லீவு முடிஞ்சு வந்துச்சா சார்?" என்று சிட்டிபாபு காகிதத்தைக் கிழித்தான்.

தெருமுனையில் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அன்று பொன்னியம்மாளின் எருமையைத் தேடிக்கொண்டு பிள்ளைகள் கூட்டமாக அந்தப் பக்கம் வந்திருந்தார்கள். துரை பியூலாவை மட்டும் கண்ணால் கூப்பிட்டார். தொட்டியின் சிமெண்டு விளிம்பில் உட்கார வைத்துப் பொட்டலத்தைப் பிரித்தார். "அம்மாகிட்ட சொல்லக் கூடாது" என்றார். பியூலாவின் முகம் மெல்ல மலர்ந்தது. பன் கிடைத்ததைவிட ரகசியம் கிடைத்ததில் அவளுக்கு மகிழ்ச்சி அதிகம். தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டாள். பொட்டலம் இல்லாமல், இருவரும் கை கோத்துக்கொண்டு, வாசற்படி ஏறினார்கள்.

"அப்பாக்கு எதிர்க்கப் போயி கூட்டினு வந்தியா? அட என் ராசாத்தி!" என்று அமலராணி மகளை மெச்சினாள்.

அடுத்த ஒன்பது வருஷம் இப்படித்தான் நடந்தது. எட்டு மணிக்குப் பியூலா தொட்டியடியில் காத்திருப்பாள். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் வாய் இரண்டு வேலை செய்யும்: தின்னும், பேசும். கணக்கு டீச்சர் சாக்பீஸை வீசி அடிப்பது, கூடப் படிக்கிற ஒருத்தி நோட்டைத் திருடியது, கோரஸில் தன்னைப் பின்வரிசையில் நிறுத்தியது எல்லாம் துரைக்குத்தான் முதலில் தெரியும். அமலராணிக்குத் தெரியாத ஒரு பியூலா அந்தத் தொட்டி விளிம்பில் வளர்ந்தாள். துரையைக் கேட்டிருந்தால், தாம் வாழ்ந்தது மொத்தம் அந்தப் பத்து பத்து நிமிஷங்கள்தான் என்று சொல்லியிருப்பார். ஒரு தகப்பனுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய சந்தோஷத்தை அவர் மகளின் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டும் உண்மை. ஒன்று உண்மை என்பதால் மற்றது பொய்யாகிவிடவில்லை.

காலம் பேக்கரியையும் மாற்றியது. பொன்னியம்மாள் வீட்டுக்கு டி.வி. வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு நடுவில் வருகிற விளம்பரங்களை லைன் பிள்ளைகள் படத்தைவிடக் கவனமாகப் பார்த்தார்கள். சிட்டிபாபுவின் கடையில் பளபளக்கும் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்தன. உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதற்காகவே ஒன்று வாங்க வேண்டும். துரை எதுவும் கேட்காமல் வாங்கினார். பல் விழுந்து முளைத்தது. புதுப்பல்லும் ஓரத்தில் கறுத்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் 'பன் பியூலா' என்று பேர் வைத்தார்கள்.

பன்னிரண்டு வயதில் ஒரு நாள் தொட்டியடியில் கேட்டாள். "அப்பா, நான் குண்டா?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

"அவங்க எல்லாம் நோஞ்சானுங்க. நீ புஷ்டி." அவள் முகம் தெளியவில்லை. துரைக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அவளைத் தேற்றுவதற்காக இரண்டு பஃப்ஸ் வாங்கிவந்தார்.

தொண்ணூற்றேழில், பத்தாம் வகுப்பில், காலை பிரார்த்தனைக்கு நின்றுகொண்டிருந்த பியூலா மயங்கி விழுந்தாள். நெற்றியில் அடி. ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்கள். துரை அன்று தபால் பையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நடுப்பகலில் ரயிலேறினார். இருபத்தைந்து வருஷ சர்வீசில் வெயில் நேரத்தில் அவர் தாம்பரத்தில் இறங்கியது அதுவே முதல் தடவை.

அதே லேடி டாக்டர். தலை நரைத்திருந்தது. ரத்தம் பார்த்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். இந்த அளவு ரத்தத்தோடு அவளால் நிற்கவே முடிந்திருக்கக் கூடாது என்றார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்.

"நைட்டு என்னம்மா சாப்புடுவா?"

துரை வாயைத் திறந்தார். அமலராணி முந்திக்கொண்டாள்.

"நைட்டு வூட்ல அவ்ளோவா சாப்புட மாட்டா டாக்டர். அவங்க அப்பாகூட தொட்டிகிட்ட சாப்ட்டுட்டு வந்துருவா."

குரலில் கோபம் இல்லை. தெருவுக்கு வழி கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். துரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது வராந்தாவில் கேட்டார். "எப்பலேருந்து தெரியும்?"

"ஒம்போது வருஷமா ஒங்க சட்டைய யாரு தொவைக்கிறா? தெனிக்கும் பையில எண்ணெக் கறை. சோப்பு போட்டு போட்டு பையே நைஞ்சு போச்சு. ரெண்டு சட்டைக்குப் பை மாத்தித் தச்சேன், அதுவாவது கண்ணுல பட்டுச்சா?"

படவில்லை.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல அமலா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பதினோரு நாளு ஒங்க மூஞ்சியப் பாத்தேன். சாவு வூட்லருந்து வந்தவரு கணக்கா இருந்தீங்க. கேட்டிருந்தா, நீங்களும் நிறுத்திருப்பீங்க. அவளும் ஒங்ககிட்ட வந்திருக்க மாட்டா. போவட்டும், அப்பாவும் பொண்ணும் பேசிக்கினு வராங்களேன்னு விட்டுட்டேன். ராத்திரிக்கு அவளுக்கு ஒலையில அரிசியக்கூட கொறச்சித்தான் போட்டேன், வீணாப் போவுமேன்னு." உள்ளே கட்டில் பக்கம் பார்த்தாள். "ஒங்களப் பாவம் பாத்தேன். அவளப் பாக்கல."

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் இந்தப் பொட்டல விஷயம்தான் என்று துரைக்குத் தோன்றியது. மூவரும் ஒருமுறைகூடக் கூடிப் பேசாமல், மிகுந்த ஒற்றுமையோடு செய்திருந்தார்கள்.

பிறகு துரை நிஜமாகவே வெறுங்கையோடு வந்தார். சிட்டிபாபு ஒரு வாரம் கேட்டான், பிறகு அவனும் கேட்பதில்லை. மணி அடிக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. பியூலா உள்ளே பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். டானிக், கீரை, முட்டை எல்லாம் வேளைக்கு நடந்தது. முகத்தில் நிறம் திரும்பியது.

"சாப்ட்டியா?"

"ம்."

"ஸ்கூல்ல என்ன?"

"ஒண்ணுமில்லப்பா."

கோபமெல்லாம் இல்லை. அவள் நல்ல பெண். தின்கிற வாய்தான் பேசியிருக்கிறது. தின்பது நின்றதும் பேச்சு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒரு பேனா வாங்கிவந்தார், ஒரு ரிப்பன் வாங்கிவந்தார். "தேங்க்ஸ்பா" என்று வாங்கிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் ஒரு பன்னுக்குக்கூட அவள் தேங்க்ஸ் சொன்னதில்லை. சில நாள் துரை தொட்டியடியில் இறங்கி, விளிம்பில் தனியாகப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவார். எறும்புகள் இன்னும் அந்த இடத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தன.

அடுத்த வருஷம் நான்காவது போர்ஷனுக்கு ஓர் இளம் ஜோடி குடிவந்தது. இருவருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால் ஏதோ கம்பெனியில் வேலை. ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பொன்னியம்மாளிடம் விட்டுவிட்டு ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். பியூலாவுக்கு அந்தக் குழந்தை மேல் உயிர். குழந்தைக்கு அவள் மேல் அப்படி ஒன்றும் இல்லை. கையை நீட்டினால் பொன்னியம்மாளின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தும்.

"இது ஒன்ன மாரியே கீதுடி," என்பாள் பொன்னியம்மாள். "நீயும் ஒங்கப்பனப் பாத்தா இப்டித்தான் லைனையே கூட்டுவ."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். துரை வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். குழந்தை முற்றத்தில் ஒரு தகர மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. பியூலா கடைக்குப் போய்த் திரும்பி வந்தாள். சற்றுத் தள்ளிக் குந்தி உட்கார்ந்து, மூடிய உள்ளங்கையைத் திறந்தாள். கண்ணாடித் தாளில் ஆரஞ்சு மிட்டாய். குழந்தை மூடியை விட்டது. மிட்டாயைப் பார்த்தது, பியூலாவைப் பார்த்தது, மறுபடி மிட்டாயைப் பார்த்தது. தத்தித் தத்தி வந்து அவள் மடியில் விழுந்தது.

பியூலா குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகம் எப்படி இருந்தது என்று துரைக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்ததில்லை, ஆனால் தெரியும்.

"குடுக்காதம்மா பியூ," என்றார்.

"ஒண்ணுதாம்பா."

"ஒண்ணுலதான் ஆரம்பிக்கும். அப்பறம் சோறு எறங்காது."

"எனக்குத் தெரியாதாப்பா?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. குழந்தையின் வாயோரம் வழிந்ததை விரலால் துடைத்துவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவளாய்க் கேட்டாள். "பின்ன எப்பிடிப்பா எங்கிட்ட வரும்?"

துரை சுருட்டிக் கட்டி அனுப்பிய எந்தச் சுவரொட்டியிலும் அதற்குப் பதில் அச்சிடப்பட்டிருக்கவில்லை. கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். இறங்கி வந்து குழந்தைக்கு எதிரே, முழங்கால் நெட்டி முறிய, குந்தி உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார்.

"வா," என்றார். "வாடா கண்ணு. சும்மா வா."

குழந்தை சப்புவதை நிறுத்தியது. ஒரு கையைப் பார்த்தது. மறு கையைப் பார்த்தது. பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அவருடைய சட்டைப் பையைப் பார்த்தது.